பத்தொன்பது பச்சை நாட்கள்

அவர்களை நான் வெறுத்தேன் என்று சொல்ல மாட்டேன். வெறுப்பதற்கு ஒருவரைக் கொஞ்சமாவது பொருட்படுத்த வேண்டும். நான் அவர்களை இளக்காரமாகத்தான் பார்த்தேன்.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் மெலிவகம் என்று ஒரு மருத்துவமனை. வயிற்றை அறுத்துச் சிறிதாக்கி எடை குறைப்பது அங்கே தொழில். அதன் இரண்டாம் மாடியில், ‘மீள்வருகைப் பிரிவு’ என்று கண்ணாடிக் கதவில் எழுதிய அறையில் ஆறு வருடம் ஆலோசகராக இருந்தேன். அறுவை செய்து ஐம்பது கிலோ இறங்கி, ஐந்தாறு வருடம் கழித்து அதில் பாதியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கான அறை அது. என் பெயர் வத்சலா. நானும் அதே மேசையில் படுத்து எழுந்தவள்தான். நூற்று இருபத்தொன்றிலிருந்து அறுபத்து நாலுக்கு வந்தேன். வந்த இடத்திலேயே நின்றேன். அந்த ஒரே தகுதிக்காக டாக்டர் சச்சிதானந்தம் எனக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தார்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். “மேடம், நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லீங்க.” கைக்குட்டையைச் சுருட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல், மேசையின் விளிம்பைப் பார்த்துச் சொல்வார்கள்.

“அப்போ காத்தைக் குடிச்சே இருபது கிலோ ஏறிடுச்சுங்களா?” என்று கேட்பேன்.

சிலர் அழுவார்கள். அழுகிறவர்களை இன்னும் மட்டமாக நினைத்தேன். என்னால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை? நாக்கு. வேறென்ன? பொய் சொல்வதற்கும் அதே நாக்குதான்.

அதனால் விழுங்கு மானி வந்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. அரிசிமணி அளவில் ஒரு கருவி. தொண்டை வழியாகக் குழாய்விட்டு, மிச்சமிருக்கிற வயிற்றின் சுவரில் பதித்துவிடுவார்கள். உள்ளே போகிற ஒவ்வொரு கவளத்தையும் அது எடைபோடும். எத்தனை கலோரி என்று கணக்கிட்டு எங்கள் திரைக்கு அனுப்பும். உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பதையும் சேர்த்தே அனுப்பும். இரண்டாவது அறுவை வேண்டுமென்று கேட்கிறவர்கள் முதலில் இந்த மானியை மூன்று மாதம் சுமக்க வேண்டும் என்று மருத்துவமனை விதி போட்டது.

ஒரு நாளின் உணவு குறித்த அளவுக்குள் இருந்தால் நோயாளியின் கைபேசியில் பச்சை விழும். கூடவே ஒரு குரல் பாராட்டும். அந்தக் குரல் என்னுடையது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அரை நாள் நின்று, நானூறு பெயர்களைத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். “சபாஷ், இன்னிக்கும் பச்சை! உங்க நாக்கு உங்க கையில!” கடைசி வாக்கியம் என் சொந்தச் சரக்கு. டாக்டருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

துளசிமணி அந்தச் சமயத்தில்தான் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. பொள்ளாச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரில் பேக்கரி வைத்திருந்தார். எட்டு வருடத்துக்கு முன்பு நூற்று இருபத்தாறு கிலோவில் அறுவை. எழுபத்தொன்று வரை இறங்கி, இப்போது தொண்ணூற்றெட்டு. கோப்பில் ‘தொழில்: பேக்கரி’ என்று படித்ததும் என் உதடு கோணியது. தீர்ப்பை அப்போதே எழுதிவிட்டேன்.

“கடையில நாள் பூரா தேன் கேக்கும் பப்ஸும் முன்னாடியே இருக்கும். கை சும்மா இருக்குமாங்க?”

“கடைப் பண்டத்த நான் தொடறதே இல்லீங்க மேடம். அந்த வாசத்துக்கே இப்பெல்லாம் கொமட்டுதுங்க. காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கிண்ணம் தயிர்சோறு, ராத்திரி ஏதோ கொஞ்சம். அவ்வளவுதானுங்க.”

“இந்த அறைக்குள்ள வர்ற எல்லாரும் ரெண்டு இட்லிதான் சாப்பிடறாங்க. மூணாவது இட்லி யாருக்குப் போகுதுன்னே தெரியல.”

அவர் அழவில்லை. “மானியோ என்னமோ சொல்றீங்களே, அத வெச்சுடுங்க. எனக்கும் தெரியோணும். என்ற புள்ளையே என்னைய நம்ப மாட்டேங்கறா” என்றார்.

முதல் மாத அறிக்கை வந்தது. ஒரு நாளைக்குச் சராசரி ஆயிரத்து எண்பது கலோரி. அவ்வளவு பெரிய உடம்போடு காலையிலிருந்து இரவு வரை கடையில் நிற்கிற பெண்ணுக்கு அது மிகக் குறைவு. மானி பழுது என்று முடிவு செய்தேன். தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவன் சோதித்துவிட்டு, “கருவி நல்லாத்தான் இருக்கு மேடம். ஆள்தான் கம்மியா சாப்பிடறாங்க” என்றான். அவனையும் மட்டமாக நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் நோக்கம். முன்னறிவிப்பு இல்லாமல் காலை எட்டு மணிக்குக் கடையில் போய் நின்றேன். துளசிமணி திகைத்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டார்.

மாலை ஆறு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பன் தட்டுகள் சூட்டோடு வந்தன, போயின. அவர் ஓயாமல் நடந்தார், தூக்கினார், அடுக்கினார், பொட்டலம் கட்டினார். இரண்டரை மணிக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தயிர்சோற்றை நின்றபடியே பத்து வாய் சாப்பிட்டார். கிண்ணத்தில் மிச்சம் வைத்தார். நாலு மணிக்குப் பால் ஊற்றாத டீ. ஒரு வாடிக்கையாளர் ஜாம் பன் இல்லையென்றதும், “ஓனரம்மாவே முடிச்சுட்டீங்களாட்ட இருக்குது!” என்று சிரித்தார். துளசிமணியும் சிரித்தார். எத்தனை வருடப் பழக்கமோ, அவ்வளவு தேர்ந்த சிரிப்பு.

நான் கிளம்பும்போது துளசிமணி கேட்டார். “பாத்தீங்களா மேடம்?”

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். “ஒரு நாளை வெச்சு எதுவும் சொல்ல முடியாது” என்றேன்.

மறுநாள் முழுவதும் மற்ற அறிக்கைகளைத் திறந்து பார்த்தேன். மானி வைத்தவர்கள் அப்போது இருநூற்றுப் பதினாலு பேர். பத்தில் ஏழு பேர் துளசிமணியைப் போலத்தான். சாப்பிட்டது குறைவு, எரித்தது அதைவிடக் குறைவு. எல்லாவற்றையும் தொகுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன். பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட படபடப்பு எனக்கு.

டாக்டர் சச்சிதானந்தத்துக்கு அறுபது வயது. வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. தாள்களைப் புரட்டக்கூட இல்லை.

“வத்சலா, உட்காருங்க. நூத்திருபது கிலோ இருந்த உடம்பு எழுபதுக்கு வந்தா அது என்ன நினைச்சுக்கும்? ஊர்ல பஞ்சம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்கும். செலவைக் குறைக்கும். எப்பவுமே எழுபது கிலோவா இருக்கிற ஒருத்தியைவிட இவங்க நானூறு ஐந்நூறு கலோரி கம்மியாத்தான் எரிப்பாங்க. ஆபரேஷன் ஆனதும் பசி ஹார்மோன் கொஞ்ச வருஷம் அடங்கிக் கிடக்கும். அப்புறம் அதுவும் எந்திரிச்சுக்கும். உடம்பு தொலைச்சதைத் தேடிக்கிட்டே இருக்கும். சில பேருக்கு நாலு வருஷம், சில பேருக்கு எட்டு வருஷம்.”

“அப்போ இவங்க பொய் சொல்லல.”

“பெரும்பாலும் இல்ல.”

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“இருபது வருஷமா.”

“அப்புறம் எதுக்கு டாக்டர் என்னை அங்க உட்கார வெச்சுத் திட்டச் சொல்றீங்க?”

அவர் பொறுமையாகச் சொன்னார். புரியாத குழந்தையிடம் பேசுகிற தொனி. “ஆபரேஷன் தோத்துடுச்சுன்னு சொன்னா யாராவது வருவாங்களா? நீங்க தோத்துட்டீங்கன்னு சொன்னா திரும்பி வருவாங்க. வெளியிலயும் வாயைத் திறக்க மாட்டாங்க. அவமானப்பட்டவன் ஊரைக் கூட்ட மாட்டான். இந்தத் தொழில் நிக்கறதே அதுலதான்.”

“என்னால இனிமே அவங்களைத் திட்ட முடியாதுங்க.”

“முடியும்.” அவர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். “ஒன்பது வருஷமா அறுபத்து நாலுலயே நிக்கறீங்களே, எப்படின்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா? மூணாவது மாடிப் பாத்ரூமைச் சுத்தம் செய்யற அம்மா என்கிட்டத் தகவல் சொல்லி அஞ்சு வருஷம் ஆச்சு.”

உண்மைதான். மதியம் சாப்பிட்டு முடித்ததும் மூன்றாவது மாடிக்குப் போவேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைத் தாழிடுவேன். தின்றது எதுவும் என் உடம்பில் தங்காது. அதற்கு நான் வைத்திருந்த பெயர் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர்களைத்தான் ஆறு வருடம் எதிரில் உட்கார வைத்துக் கேவலப்படுத்தினேன்.

இது ஒரு நல்ல கதையாக இருந்தால் நான் அப்போதே வேலையை உதறியிருப்பேன். நான் உதறவில்லை. தாள்களைப் பொறுக்கிக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன். அடுத்த வாரம் துளசிமணி மாத ஆலோசனைக்காகத் தொலைபேசியில் வந்தார். குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது.

“மேடம், மானில என்ன வந்துதுங்க?”

“ஆயிரத்து எண்பது.”

“பாத்தீங்களா! நான் சொன்னேனுங்களே!”

“அது அதிகம். இன்னும் குறைக்கணும். இனி எண்ணூறுக்குள்ள இருந்தாத்தான் உங்களுக்குப் பச்சை விழும்.”

“சரீங்க மேடம்” என்றார்.

முன்பு சொன்ன சுடுசொற்கள் எல்லாம் அறியாமையில் சொன்னவை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது தெரிந்தே சொன்னது.

ஏழு வாரம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு துளசிமணியின் மகள் மகிழினி என் கைபேசியில் பேசினாள். பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள்.

“அம்மாவுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு சொல்றாங்க. நடந்தாத் தள்ளாடறாங்க. காலைல என்னைப் பாத்து, பள்ளிக்கூடம் போகலியான்னு கேட்டாங்க. உங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுனா, எல்லாம் பச்சையா இருக்குது, பயப்படாதீங்கங்கறாங்க.”

திரையைத் திறந்தேன். முன்னூற்றுப் பத்து. இருநூற்று அறுபது. இருநூற்றுத் தொண்ணூறு. அதிலும் பாதி வாந்தியில் திரும்ப வந்ததாக மானி குறித்திருந்தது. மேல் அளவைத் தாண்டினால் சிவப்பு விழ வேண்டும் என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். கீழே எது வரை போகலாம் என்று சொல்லிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தொடர்ந்து பத்தொன்பது நாள் பச்சை. பத்தொன்பது முறை என் குரல் அந்தப் பட்டினியைப் பாராட்டியிருக்கிறது. ‘சபாஷ் துளசிமணி, உங்க நாக்கு உங்க கையில.’

“இங்க கூட்டிட்டு வராதீங்க. நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வயித்துல ஆபரேஷன் ஆனவங்க, பல நாளாச் சாப்பாடு இல்ல, குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி பி-ஒன் வைட்டமின் ஊசி போடணும்னு சொல்லுங்க. நானும் வர்றேன்.”

ஊசி போட்டார்கள். உயிர் நின்றது. கண் நேரானது. ஆனால் மூளையில் ஞாபகம் தங்குகிற இடம் ஏற்கெனவே கருகிவிட்டிருந்தது. அந்த வார்டில் இருந்த இளம் டாக்டர், ஒரு பெண், என் மெலிவகம் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “வருஷத்துக்கு ரெண்டு மூணு இந்த மாதிரி வருதுங்க. கஞ்சிக்கு வழியில்லாதவங்களுக்கு வர்ற வியாதி இது. நீங்க மெனக்கெட்டு வரவழைக்கறீங்க.”

அந்த மாதம் துளசிமணியின் எடை எண்பத்து நாலு. மெலிவகத்தின் ஆண்டறிக்கையில் அவர் ‘மீண்டும் வென்றவர்கள்’ பட்டியலில் இருந்தார். அதைத் தயாரித்தவர்களுக்கு உறுத்தவேயில்லை. இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள்.

இனிப்பு கொடுத்த அன்றே ராஜினாமா எழுதினேன். இருநூற்றுப் பதினாலு பேரின் அளவுகளையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

துளசிமணியை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். கூடத்தில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். நான் யார் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அறுவை நடந்ததே அவருக்கு நினைவில்லை. கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே தொங்கும் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதென்ன இப்பிடி எளைச்சுப் போயிட்டேன், காச்சலா?” என்று மகளிடம் கேட்டார்.

மகிழினி வாசல் வரை வந்தாள். “மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?”

“ஆமா.”

“அம்மாவுக்கு உங்கள ஞாபகம் இல்ல. எனக்கு இருக்குதுங்க. இனி வராதீங்க.”

செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட நேரம் கொடுக்காமல் கதவைச் சாத்தினாள். அதைவிடக் குறைவாக அவள் செய்திருந்தால் அவளை நான் மதித்திருக்க மாட்டேன்.

மூன்றாவது மாடிப் பழக்கத்தை விட்டேன். ஒரு பெண் மருத்துவரிடம் போய் உள்ளதைச் சொல்லி, அவர் எழுதிக் கொடுத்தபடி மூன்று வேளை சாப்பிட்டேன். என் உடம்பு தான் இழந்ததை நிதானமாக எடுத்துக்கொண்டது. ஒன்றரை வருடத்தில் இருபத்தேழு கிலோ. மெலிவகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பினார்கள். எந்தப் பார்வையோடு திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியும். அதே பார்வையை ஆறு வருடம் நானே மற்றவர்கள் மேல் வீசியிருக்கிறேன்.

அதற்குள், மெலிவகத்தைப் பற்றி நான் சுகாதாரத் துறைக்குக் கொடுத்த புகாரின் மேல் ஒரு விசாரணைக் குழு அமைத்திருந்தார்கள். மூன்று பேர். மேசையில் ஒரு தட்டு நிறைய வறுத்த முந்திரி. எதிரில் டாக்டர் சச்சிதானந்தம் கசங்காத சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். இருநூற்றுப் பதினாலு பேரின் அளவுகளைக் காட்டினேன். இருபது வருடமாகத் தெரியும் என்று அவர் சொன்னதைச் சொன்னேன். பத்தொன்பது பச்சையைச் சொன்னேன். என் குரலைப் போட்டுக் காட்டினேன். அவர்கள் முந்திரியைக் கொறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

தலைவர் கை விரல்களைத் துடைத்துக்கொண்டார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. வேலையில இருக்கும்போது நீங்க எத்தனை கிலோ?”

“அறுபத்து நாலு.”

“இப்போ?”

“தொண்ணூத்தொண்ணு.”

மூன்று பேரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள்.

அவர் அனுதாபமாகச் சிரித்தார். “மனசு கஷ்டமாத்தான் இருக்கும். புரியுது. ஆனா நம்ம தோல்விக்கு மத்தவங்களைக் காரணம் சொல்லக் கூடாதில்லையா?”

ஒல்லியாக இருந்தபோது நான் பொய் சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். அந்த அறையில் நான் சொன்ன உண்மை என் பருத்த உடம்புக்குப் பொருந்தவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கேலிகூட இல்லை, வெறும் மரியாதை. அவரை அந்த நொடியில் நான் பார்த்த பார்வைக்கு இளக்காரம் என்ற சொல் போதாது.

குழுவின் பரிந்துரை இரண்டு மாதத்தில் வந்தது. பாராட்டுச் செய்தியில் இருக்கும் குரலை மாற்றலாம் என்று ஆலோசனை கூறியிருந்தார்கள். மெலிவகம் உடனே மாற்றிவிட்டது. புதுக் குரல் என்னுடையதைவிட இனிமையாக இருப்பதாகக் கேள்வி.

என்னிடம் மிச்சமிருந்தது அந்த இருநூற்றுப் பதினாலு பெயர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் எண்ணை அழைத்தேன். என் குரலைக் கேட்டதுமே சிலர் துண்டித்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒரு பெண், “இப்போ எதுக்குங்க? எல்லாம் முடிஞ்சுபோச்சு” என்றாள். தின்றுவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று அவளை விட்டுப்போன கணவன் வேறு கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

பத்தாவது பெயர் நல்லசிவம். திருப்பூர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பது கோப்பிலேயே இருந்தது, என் கையெழுத்தில்.

“ஐயா, நான் மெலிவகத்துல இருந்த வத்சலா பேசறேன். உங்க மானி அளவு இப்போ என் கையில இருக்கு. ஒரு நாளைக்கு ஆயிரத்து நூத்திப் பத்து. மூணு மாசமும் அதே. நீங்க சாப்பிடறதில்லைன்னு சொன்னது நிஜம். ஏறுனது உங்க தப்பு இல்ல. நான் சொன்னதுதான் பொய்.”

அவரும் துண்டித்துவிடுவார் என்று நினைத்தேன்.

“அம்மணி, ஒரு நிமிசம் இருங்க” என்றார். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. “காந்திமதி! அடுப்ப அணைச்சுட்டு இங்க வா. அட, வா வா!” பிறகு என்னிடம், “ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேனுங்க. என்ற சம்சாரம் பக்கத்துல நிக்கறா. இப்பச் சொன்னீங்கல்ல, அத அப்பிடியே மறுக்காச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன்.